புயற்பருவமும் மனைகாப்பும்: கரிபியன் தீவுகளின் வரலாற்றில் எச்சரிக்கை

மின்விளக்குப் பரவுவதற்கு முன் தமிழகத்துச் சிற்றூர்கள்தோறும் 'அரிக்கேன் விளக்கு' வழங்கிற்று. காற்றில் அணையாவண்ணம் கண்ணாடிக் கூண்டிட்ட விளக்கு அது. அதனை ஏந்தி வயலுக்கும் தொழுவத்துக்கும் சென்றோர், அதன் பெயரின் முதற்சொல் எங்கிருந்து வந்ததென எண்ணியிரார். ஸ்பானியர் வருமுன் கரிபியன் கடலின் பெருந்தீவுகளில் வாழ்ந்த தாயினோ மக்கள் பெருங்காற்றை 'உராக்கான்' என்றனர். அச்சொல் ஸ்பானியத்திற் புகுந்து, அங்கிருந்து ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் பரவி, இறுதியில் ஆங்கிலத்தின் வாயிலாக நம் வீட்டு உத்தரத்துத் தொங்கிய விளக்கின் பெயராயிற்று. நம் மொழியிலும் இத்துறைச் சொற்கள் பொருள் மாறி வந்துள்ளன. இன்று பெருங்காற்றைச் சுட்டும் 'புயல்' என்னும் சொல் சங்கச் செய்யுட்களில் மேகத்தையும் மழையையும் குறித்தது. 'சூறை' என்பதோ சுழல்காற்றையும் கொள்ளையையும் ஒருங்கே உணர்த்துவது. காற்றின் செயலையும் கள்வரின் செயலையும் ஒரே சொல்லால் வழங்கிய முன்னோர், இரண்டும் வீட்டை வெறுமையாக்கும் என்பதைக் கண்டறிந்தோராதல் வேண்டும்.

எனினும் சொல்லாராய்ச்சி இக்கட்டுரையின் நோக்கமன்று. உராக்கான் வீசும் நாடுகளில், அது வருமுன் குடும்பங்களும் ஊரினரும் தம்மை எவ்வாறு காத்துக்கொண்டனர், எங்கெங்குக் காவாதொழிந்தனர் என்பதே நாம் ஆராயப் புகும் பொருள். அட்லாண்டிக் கடற்பகுதிக்குரிய புயற்பருவம் ஜூன் 1ஆம் நாள் தொடங்கி நவம்பர் 30ஆம் நாள் முடிவதாக வரையறுக்கப்பட்டுள்ளது. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையுள்ள திங்கள்களே அதன் உச்சம். கோடையில் வெதும்பிய கடல்நீரே இக்காற்றுக்கு உணவாகலின், நீர் குளிர்ந்தபின் அது தளர்ந்துவிடும். நிலநடுக்கத்தைப் போல இது முன்னறிவின்றி வருவதன்று. திங்கள் தெரியும், நாள் தெரியாது. இந்த இடைநிலையே முன்னேற்பாட்டின் சிக்கல் அனைத்துக்கும் வேர் என நாம் கருதுகின்றோம். ஆறு திங்கள் முழுதும் எவரும் அஞ்சிக்கொண்டே வாழ இயலாது. ஆகவே, 'இன்று வருகிறது' என்று ஒருவர் சொல்ல வேண்டியுள்ளது. கேட்பவர் அதனை நம்பவேண்டியுள்ளது. நம்பியவர்க்குச் சென்று தங்க ஓரிடமும் இருத்தல் வேண்டும். பலகையும் ஆணியும் குடிநீர்க்குடமும் இம்மூன்றன் பின்னரே வருவன. இவற்றுள் யாதானும் ஒன்று குறைந்தவிடத்து நேர்ந்தவற்றையே கீழே காண்போம்.

ஐரோப்பியர் அந்நிலப்பகுதிக்கு வந்த சில ஆண்டுகளிலேயே இதற்கு முதற்சான்று கிடைத்துவிடுகின்றது. 1502ஆம் ஆண்டு தம் நான்காம் பயணத்தில் கொலம்பசு எஸ்பானியோலாத் தீவின் சாந்தோ தொமிங்கோத் துறையை அணுகினார். முன்னர் அக்கடலிற் கண்ட பட்டறிவால், வானும் நீரும் காட்டிய குறிகளைக் கொண்டு புயல் வருதலை உணர்ந்தார். துறையில் ஒதுங்க இடம் வேண்டினார். ஸ்பெயினுக்குப் புறப்பட இருந்த பெருங்கப்பற்கூட்டத்தை நிறுத்திவைக்குமாறும் ஆளுநர் ஒவாந்தோவுக்குச் சொல்லியனுப்பினார். கொலம்பசு அப்போது அரசின் நல்லெண்ணத்தை இழந்திருந்தவர். அத்துறையில் இறங்கக்கூடாதெனத் தடுக்கப்பட்டவர். அவர் சொல் ஏறவில்லை. ஏறத்தாழ 30 கப்பல்கள் புறப்பட்டன. அவற்றுள் இருபதளவின மூழ்கின. 500 பேரளவில் மாண்டனர். இரண்டாண்டுகட்கு முன் கொலம்பசை விலங்கிட்டு ஸ்பெயினுக்கு அனுப்பிய பொபதில்லாவும் இறந்தோருள் ஒருவர். கொலம்பசோ தம் கப்பல்களைக் கரையோரம் ஒதுக்கித் தப்பினார். மரத்தாலும் கூரையாலும் எழுந்திருந்த சாந்தோ தொமிங்கோ நகரும் அழிந்தது. அதன்பின் ஒவாந்தோ அதனை ஒசாமா ஆற்றின் மறுகரையிற் கல்லாற் கட்டுவித்தார். எச்சரிக்கை பொய்யாகவில்லை, எச்சரித்தவர் மீதிருந்த பகையே அதனைப் பொய்போலக் காட்டிற்று. இந்நிகழ்ச்சியின் சாயலைப் பிற்காலத்தும் காண்போம்.

ஆளுநர் கல்வீடு கட்டிக்கொண்டார். கல்வீடு கட்ட இயலாத எளிய மக்கள் என் செய்தனர் என்பதற்கு ஏட்டுச் சான்றுகளினும் வீட்டமைப்புச் சான்றே மிகுதி. கியூபாவின் உழவர்களிடையே 'வாரா என் தியெர்ரா' என்றொரு சிறுகுடில் உண்டு. 'தரையிற் கம்பு' என்பது அத்தொடரின் பொருள். இதற்குச் சுவரில்லை. கூரையின் கைமரங்களே இருபுறமும் நிலத்தில் ஊன்றப்பட்டு, மேலே ஒன்றையொன்று சாய்ந்து நிற்கும். பனையினத்து ஓலை உச்சிமுதல் தரைவரை வேயப்பட்டிருக்கும். வாயில் தாழ்வானது. காற்றுப் பற்றி இழுப்பதற்கு இறவாணமும் இல்லை, மோதித் தள்ளுவதற்குச் சுவரும் இல்லை. சாய்வின்மீது ஏறிக் கடந்து போவதன்றி அக்காற்றுக்கு வேறு வேலையில்லை. ஏனைக் காலங்களில் உழவன் தன் மக்காச்சோளத்தையும் கிழங்கையும் கருவிகளையும் இதனுள் இட்டுவைப்பான். புயல் வருங்கால் மனைவி மக்களுடன் தானும் இதனுட் புகுவான். உண்பொருள் முன்னரே உள்ளே இருக்குமாதலின், தனியே சேமிப்பு என ஒன்று வேண்டுவதில்லை. புவெர்த்தோ ரிக்கோத் தீவில் இதனையொத்த புகலிடத்தைத் 'தொர்மெந்தேரா' என்பர். புயல் எனப் பொருள்படும் 'தொர்மெந்தா' என்னும் சொல்லடியாகப் பிறந்த பெயர் அது. மலைச்சரிவை ஒட்டியோ பாதி மண்ணுட் புதைந்தோ அமைவது. இக்குடில்கள் பேரழகுடையன அல்ல. கட்டடக்கலை நூல்களில் இவற்றுக்குக் கிடைக்கும் இடமும் சிறிதே. ஆயினும் ஆண்டு முழுதும் வாழ்க்கையோடு ஒட்டிப் பயன்படும் ஒன்றே ஆபத்துக்காலத்தும் கைகொடுக்கும் என்னும் அறிவு இவற்றுட் பொதிந்துள்ளது. பின்வந்த அரசுகள் பெரும்பொருள் செலவிட்டு எழுப்பிய புகலிடங்கள் பலவற்றில் இவ்வறிவைக் காண்டல் அரிது.

ஊரினர் ஒருங்குகூடிச் செய்த முன்னேற்பாடுகளுள் வழிபாட்டையும் எண்ணுதல் வேண்டும். வர்ஜின் தீவுகளில் ஜூலைத் திங்களின் நான்காம் திங்கட்கிழமை புயல் விலக வேண்டுதற்குரிய நாளாகக் கொள்ளப்படும். பருவம் தணியும் அக்டோபரில் நன்றி கூறுதற்கு ஒரு நாள் உண்டு. வேண்டுதல் காற்றைத் திருப்புமா என்பது வேறு வினா. பருவம் தொடங்கிவிட்டது என்பதை ஊர் முழுதும் ஒரே நாளில் நினைவுகூரும் ஏற்பாடு என்ற அளவில் அதன் பயனை வரலாற்று மாணவர் புறக்கணித்தல் கூடாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காற்றின் இயல்பு பற்றிய ஆராய்ச்சி தோன்றிற்று. அதனைச் சுருங்கக் கூறி அப்பாற் செல்வோம். 1821இல் அமெரிக்க வடகிழக்கு மாநிலங்களில் வீசிய புயலுக்குப்பின், ஓரிடத்து மரங்கள் ஒருதிசையிலும் பிறிதோரிடத்து மரங்கள் எதிர்த்திசையிலும் வீழ்ந்துகிடத்தலைக் கண்ட ரெட்ஃபீல்டு, இக்காற்றுச் சுழன்று வருவது எனத் தெளிந்து 1831இல் எழுதினார். அதே ஆண்டு பார்படோசுத் தீவு புயலால் அழிய, அதனைச் சீரமைக்கச் சென்ற பொறியாளர் வில்லியம் ரீடு இவ்வாராய்ச்சியிற் புகுந்தார். பின்னர் அத்தீவின் ஆளுநராகி, 1847இல் புயற்குறிகாட்டும் முறையொன்றையும் அங்கு ஏற்படுத்தினார். கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் 1848இல் வெளியிட்ட மாலுமியர் கையேட்டில் 'சைக்ளோன்' என்னும் பெயரைப் படைத்தார். வங்கத்து மாத்லா ஆற்றின் முகத்தில் துறைமுகம் அமைத்தல் தகாது, கடல் பொங்கி அதனை விழுங்கும் என்று 1853இல் ஆளுநர் தலைவருக்கு அவரே எழுதினார். கேட்டாரில்லை. துறைமுகம் எழுந்தது, 1867இல் புயலால் அழிந்தது. பிடிங்டன் அதற்குள் இறந்து ஒன்பதாண்டுகள் ஆகியிருந்தன.

இவர்கள் ஆராய்ந்தது பெரும்பாலும் கப்பலுக்காக. வீட்டில் இருப்போர்க்காக முதன்முதற் பேசியவர் என்று ஹவானா நகரத்துப் பாதிரியார் பெனித்தோ வீஞேஸ் அவர்களைக் கூறலாம். கத்தலோனியாவிற் பிறந்த இவர், இயேசு சபையினர் நடத்திய பெலேன் கல்லூரியின் வானாய்வுக்கூடத்துத் தலைவராக 1870இல் அமர்ந்தார். வானத்தின் உச்சியில் பரவும் கீற்றுமுகில்கள் எப்புள்ளியினின்று விரிகின்றன என்பதையும், கடலலை எத்திசையினின்று வருகின்றது என்பதையும், காற்றழுத்தமானியின் இறக்கத்தையும் நாள்தோறும் குறித்துவந்தார். 1875 செப்டம்பர் 11ஆம் நாள், புயலொன்று வருகின்றது என்னும் அவர்தம் முதல் எச்சரிக்கை ஹவானா நாளிதழ்களில் வெளிவந்தது. இரண்டு நாள் கழித்து அது கியூபாவின் தென்கரையைத் தாக்கிற்று. எச்சரிக்கையால் உயிர் தப்பினோர் பலர். அடுத்த ஆண்டுப் புயல்களின் பின், அழிவு நேர்ந்த இடங்களுக்கு நேரே சென்று, வீழ்ந்த மரங்களையும் சிதைந்த வீடுகளையும் பார்த்து, மக்களை வினவிச் செய்திகளைத் திரட்டினார். அவற்றின் பயனாக 1877இல் அந்தீல் தீவுகளின் புயல்கள் குறித்த நூல் வெளிவந்தது. தந்திவழி பல தீவுகளினின்றும் செய்தி பெறும் அமைப்பொன்றும் அவரைச் சூழ உருவாயிற்று. 1893இல் அவர் மறைந்தபோது, 'பெலேன் பாதிரியார் சொல்லிவிட்டார்' என்றால் கடைக்காரர் கதவடைப்பதும் மாலுமி நங்கூரமிடுவதும் அந்நகரில் இயல்பாகியிருந்தன. இத்தகைய செல்வாக்குக் கருவிகளால் மட்டும் வருவதன்று. இருபதாண்டுக்கு மேலாக ஒருவர் ஒரே ஊரிலிருந்து, ஊரார்க்கு விளங்கும் மொழியில், நாளிதழின் வாயிலாகப் பேசிவந்தமையால் வந்தது.

வீஞேஸ் முதன்முதல் எச்சரித்த அந்த 1875ஆம் ஆண்டுப் புயலே மெக்சிகோ வளைகுடாவைக் கடந்து டெக்சஸ் கரையிலிருந்த இந்தியனோலாத் துறைநகரையும் சிதைத்தது. 1886இல் மற்றொரு புயல் எஞ்சியதையும் வாரிக்கொள்ள, ஊரினர் அந்நகரையே கைவிட்டனர். அதே கரையிற் கிழக்கே கால்வெஸ்டன் என்னும் நகர், மணற்றிட்டு ஒன்றின்மேல் செல்வச் செழிப்போடு நின்றது. அத்தீவின் மிக உயர்ந்த இடமும் கடல்மட்டத்துக்குமேல் 9 அடி இல்லை. இந்தியனோலாவின் முடிவைக் கண்டு கடற்சுவர் எழுப்பவேண்டும் என்று சிலர் கூறினர், செயலாகவில்லை. அந்நகரத்து வானிலை அலுவலர் ஐசக் கிளைன் 1891இல் உள்ளூர் நாளிதழில், புயல் கால்வெஸ்டனுக்குப் பெருங்கேடு செய்யும் என அஞ்சுதல் பொருந்தாக் கற்பனை என்றே எழுதினார். அறிவுத்துறையில் உரிமை பெற்ற ஒருவர் 'அஞ்சற்க' என்று கூறுதல், 'அஞ்சுக' என்று கூறுதலினும் எளிதிற் பரவும்.

1898ஆம் ஆண்டுப் போரின் விளைவாகக் கியூபா அமெரிக்கர் ஆட்சிக்குட்பட்டது. அமெரிக்க வானிலைத்துறையினர் ஹவானாவில் தம் நிலையத்தை நிறுவினர். வீஞேசின் வழிவந்த கியூபர்களின் முன்னறிவிப்புக்களை அவர்கள் மதிக்கவில்லை; மக்களை வீணே அச்சுறுத்துவன எனக் கருதினர். 1900 ஆகஸ்டு இறுதியில், கியூபர்களின் வானிலைச் செய்திகள் அமெரிக்கர் கைவசமிருந்த தந்திக் கம்பிகளிற் செல்லாவாறு தடையும் விதிக்கப்பட்டது. சில நாட்களிற் புயலொன்று கியூபாவைக் கடந்தது. அது வளைகுடாவினுள் மேற்கு நோக்கிச் செல்லும் என ஹவானா ஆய்வாளர் கருதினர். அது வடகிழக்கே திரும்பி அட்லாண்டிக்குக்குப் போகும் என வாசிங்டன் கருதிற்று. செப்டம்பர் 8ஆம் நாள் அது கால்வெஸ்டனை அடைந்தது. 15 அடிக்குமேல் எழுந்த கடல் தீவு முழுவதையும் மூடிற்று. ஏறத்தாழ 38,000 பேர் வாழ்ந்த நகரில் இறந்தோர் 6,000 முதல் 12,000 வரை எனப் பலவாறு கணிப்பர்; 8,000 என்பது பெரிதும் வழங்கும் தொகை. அமெரிக்க வரலாற்றில் இதனினும் உயிர்க்கொலை மிக்க இயற்கைச் சீற்றம் பிறிதொன்றில்லை.

அன்று வீடுகளுள் நிகழ்ந்தவற்றை நோக்கும்போது, முன்னேற்பாடு என்பது யாது என்ற வினா கூர்மையடைகின்றது. கிளைனின் வீடு உறுதிமிக்கதெனப் பெயர்பெற்றிருந்தமையால், அயலார் அதனுள் வந்து கூடினர். ஏறத்தாழ 50 பேர் இருந்தனர். அலையில் மிதந்துவந்த இருப்புப்பாதைப் பாலத்து மரக்கட்டைகள் மோத வீடு சரிந்தது. பிழைத்தோர் 18 பேர். கிளைனின் மனைவியும் இறந்தார். தாம் கடற்கரை நெடுகச் சென்று மக்களை எச்சரித்ததாக அவர் பின்னர் எழுதியுள்ளார். அதனை ஐயுறும் வரலாற்றாசிரியரும் உளர். கரையோரத்துப் புனித மேரி அநாதை இல்லத்தில், கன்னியர் 10 பேரும் குழந்தைகளைத் துணி உலர்த்தும் கயிற்றால் தம் இடையோடு பிணைத்துக்கொண்டனர். பிணித்த கயிற்றோடேயே அவர்கள் பின்னர்க் கண்டெடுக்கப்பட்டனர். 90 குழந்தைகள் மாண்டனர். வெளியே ஒரு மரத்தைப் பற்றிக்கொண்ட சிறுவர் மூவர் மட்டும் பிழைத்தனர். அன்பும் துணிவும் குறைவறவிருந்த இடத்தில் இல்லாதிருந்தது ஒன்றே. ஒருநாள் முன்னர் 'தீவை விட்டு அகல்க' என்று சொல்லும் குரல். அக்குரல் ஹவானாவில் இருந்தது, கம்பி அடைபட்டிருந்தது.

அதன்பின் கால்வெஸ்டன் நகரினர் செய்தது வியத்தற்குரியதே. 1902 முதல் 1904 வரை 17 அடி உயரக் கடற்சுவர் எழுப்பினர். கடலடி மணலை நீரோடு குழாய்களிற் பாய்ச்சி நகரின் நிலமட்டத்தையே உயர்த்தினர். 2,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் திருகுயர்த்திகளால் தூக்கப்பட்டு, அவற்றின்கீழ் மணல் நிரப்பப்பட்டது. 1915இல் அதனையொத்த புயல் வந்தபோது சுவர் காத்துநின்றது; நகரினுள் இறந்தோர் மிகச் சிலரே.

சுவர் கட்டும் வளமற்ற இடங்களின் நிலையை 1928ஆம் ஆண்டுப் புயல் ஒன்றே நான்கைந்து நாட்களுக்குள் காட்டிவிட்டது. செப்டம்பர் 12ஆம் நாள் அது குவாதலூப்புத் தீவை அழித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைகளினின்று கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட தமிழரின் வழித்தோன்றல்கள் அத்தீவில் அந்நாளில் ஊன்றியிருந்தனர் என்பதை ஈண்டுக் குறித்தல் தகும். அடுத்த நாள் அப்புயல் புவெர்த்தோ ரிக்கோவை அடைந்தது. அஃது பிலிப்பு அடியாரின் திருநாள். அத்தீவினர் புயலுக்கு அந்நாளைய அடியாரின் பெயரிடும் வழக்கினர். 1876இலும் அதே நாளில் ஒரு புயல் வந்திருந்தமையால், இதனை 'இரண்டாம் சான் பெலிப்பே' என்றனர். அரசர்க்கு எண்ணிடுவதுபோலப் புயலுக்கும் எண்ணிட்டு நினைவிற் கொள்ளும் இவ்வழக்கு, ஆண்டுதோறும் புதுப்பெயர்ப் பட்டியல் இடும் இக்கால முறையினும் வரலாற்றுணர்வு மிக்கது என்பது நம் கருத்து. அப்புயலுக்குமுன் தந்தி, காவல்நிலையம், வானொலி ஆகியவற்றின் வழியாக எச்சரிக்கை ஊர்தோறும் சென்றது. மலைநாட்டினர் தொர்மெந்தேராக்களிற் புகுந்தனர். தீவின் பெரும்பகுதி வீடிழந்தது. எனினும் இறந்தோர் 312 பேர். 1899ஆம் ஆண்டுச் சான் சிரியாக்கோப் புயலில் அதே தீவில் 3,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவ்வாண்டின் மழைவெள்ளமும் பெரிதாகலின் இவ்விரு தொகைகளையும் அப்படியே ஒப்பிடல் பொருந்தாது. ஆயினும் எச்சரிக்கையின் பங்கு சிறிதன்று.

அதே காற்று 16ஆம் நாள் இரவு பிளாரிடாவின் ஒக்கிச்சோபி ஏரியை எட்டிற்று. ஏரியின் தென்கரையில் தாழ்ந்த கரிசல் வயல்கள். அவற்றுக்கும் நீருக்கும் இடையே தாழ்வான மண்கரை. வயல்களில் உழைத்தோருட் பெரும்பாலோர் பருவந்தோறும் வந்துசெல்லும் கறுப்பினத் தொழிலாளர். அன்று பகலில் எச்சரிக்கை கிடைத்து மேட்டுநிலம் சென்றோர் பலர் இருந்தனர். குறித்த நேரத்திற் காற்று வரவில்லை. தப்பிவிட்டது என எண்ணித் திரும்பிவந்தனர். இரவில் கரை உடைந்தது. இறந்தோர் 2,500க்குக் குறையார் என்று 2003இல் திருத்தப்பட்ட கணக்குக் கூறும். அடக்கம் செய்தலிலும் நிறவேறுபாடு தலைதூக்கிற்று. வெஸ்டு பாம் பீச்சு நகரில் வெள்ளையர்க்குப் பெட்டிகள் கிடைத்தன; கறுப்பர் 674 பேர் அடையாளமற்ற ஒரே குழியிற் புதைக்கப்பட்டனர். சோரா நீல் ஹர்ஸ்டன் 1937இல் வெளியிட்ட புதினத்தின் இறுதிப்பகுதி இவ்வெள்ளத்தையே களமாகக் கொண்டது. அதில், அந்நாட்டுப் பழங்குடியினர் புயலை உணர்ந்து வரிசையாக வெளியேறுவதைத் தொழிலாளர் காண்கின்றனர். தம் முதலாளிகள் பெரிய வீடுகளில் அமைதியாயிருத்தலையும் காண்கின்றனர். பின்னவரையே நம்பித் தங்கிவிடுகின்றனர். யாருடைய அறிவு மதிக்கப்படும் என்னும் வினாவை இப்புதினம் அளவுக்கு நுணுகிக் காட்டிய வரலாற்று நூல் அரிது. இலக்கியத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதில் தயங்குவோர் இப்பகுதியை நோக்குவாராக.

இனிக் கியூபாவுக்கு மீள்வோம். வீஞேசின் நாடாயினும் அது எப்போதும் காக்கப்பட்டதன்று. 1932 நவம்பர் 9ஆம் நாள், பருவம் முடியும் தறுவாயில், சாந்தா குரூஸ் தெல் சூர் என்னும் கரையோர ஊரைக் கடல் விழுங்கிற்று. ஏறத்தாழ 3,000 பேர் இறந்தனர். 1963 அக்டோபர் 4 முதல் 8 வரை ஃபுளோரா என்னும் புயல் கிழக்குக் கியூபாவை விட்டு நீங்காது வட்டமிட்டுப் பெருமழை பெய்வித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வெள்ளத்தில் மாண்டனர். அதன்பின்னரே இன்றைய ஏற்பாடு உருப்பெற்றது. 1965இல் வானிலை நிறுவனம் அமைந்தது. 1966இல் குடிமக்கட் காப்புச் சட்டம் வந்தது. 1986 முதல் ஆண்டுதோறும் பருவத் தொடக்கத்துக்கு முன் 'மெத்தியோரோ' என்னும் ஒத்திகை நிகழ்கின்றது. அதில் அமைச்சர் முதல் பள்ளிச் சிறார் வரை ஈடுபடுவர். கிளை தறித்தல், சாக்கடை தூர்வாரல், கிணறும் அணையும் நோக்கல் ஆகியனவும் அதன் பகுதியே.

இவ்வேற்பாட்டின் உயிர்நிலை தெருவில் உள்ளது. ஒவ்வொரு குடியிருப்பிலும் எவ்வீட்டில் முதியவர் தனித்துள்ளார், எவர் கருவுற்றிருக்கின்றார், எவர் நடக்கவியலாதவர், எக்கூரை தாங்காது என்பன முன்னரே குறிக்கப்பட்டிருக்கும். குடும்ப மருத்துவர் அதே தெருவில் வாழ்பவராதலின் அவருக்கு இவை மனப்பாடம். எச்சரிக்கை, செய்திநிலை, விழிப்புநிலை, அபாயநிலை எனப் படிப்படியே உயரும். வெளியேறுவோருட் பெரும்பாலோர் பொதுப் புகலிடத்துக்குச் செல்வதில்லை. உறுதியான வீடுடைய உறவினரிடமோ அயலாரிடமோ செல்வர். குளிர்பெட்டியும் தொலைக்காட்சிப் பெட்டியும் பாதுகாப்பான இடத்துக்கு வண்டியில் ஏற்றிச்செல்லப்படும். கால்நடைகள் மேட்டுநிலத்துக்கு ஓட்டப்படும். பொருளுக்கு அஞ்சியே வீட்டைவிட்டு அகலாதோர் எந்நாட்டினும் உளராகலின், பொருளைக் காத்தல் உயிரைக் காத்தலின் ஒரு கூறே என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு இது. 2001 நவம்பரில் மிச்செல் புயலின்போது ஏறத்தாழ 7 இலட்சம் பேர் இடம்பெயர்ந்தனர், இறந்தோர் ஐவர். 1996 முதல் 2002 வரை கியூபாவைத் தாக்கிய ஆறு புயல்களால் அப்பகுதி நாடுகளில் இறந்த 665 பேருட் கியூபர் 16 பேரே என ஆக்ஸ்ஃபாம் அமைப்பின் 2004ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது.

இதனை வரம்பின்றிப் புகழ்தலும் ஆராய்ச்சிக்கு இழுக்கு. அயலாரை அறிந்துவைக்கும் அதே தெருக்குழுக்கள் அரசியற் கண்காணிப்புக்கும் உரியன. 'வெளியேறுக' என்னும் ஆணையை மறுத்தல் அங்கு எளிதன்று. உயிர் காத்த அளவுக்கு வீடு காக்கப்படவுமில்லை. புயலில் இடிந்தவை மீண்டும் எழப் பல ஆண்டுகள் ஆயின. 2017இல் இர்மாப் புயலில் கியூபர் 10 பேர் இறந்தனர். அவர்களுள் எழுவர் ஹவானாவினர். கண்காணிப்பின்றி அத்தகைய அயலறிவு இயலுமா என்பது நம் ஆய்வு மாணவர் எடுத்துக்கொள்ளத்தக்க தனிப்பொருள். அண்டை நாட்டில், 2004இல் நியூ ஆர்லியன்சு நகர்க்கென நடந்த ஒத்திகையொன்றில், வண்டியில்லாதோர் ஏறத்தாழ ஓரிலட்சம் பேர் வெளியேற இயலார் என்பது வெளிப்படையாகவே அறியப்பட்டது. அடுத்த ஆண்டு கத்ரீனா வந்தபோது, அறிந்திருந்தும் அவர்களை ஏற்றிச்செல்ல ஊர்திகள் வரவில்லை. நாயையும் பூனையையும் விட்டுவர மனமின்றித் தங்கி இறந்தோரும் இருந்தமையால், வளர்ப்பு விலங்குகளையும் உடன்கொள்ளத் திட்டமிடவேண்டும் என 2006இல் அந்நாட்டினர் சட்டம் செய்தனர்.

2017 செப்டம்பர் 20ஆம் நாள் மரியாப் புயல் புவெர்த்தோ ரிக்கோவைக் கடந்தது. இம்முறை எச்சரிக்கையிற் குறையில்லை. வானத்து விண்கோள்கள் நாட்கணக்கில் அதனைக் காட்டின. ஆனால் காற்றுப் போனபின் மின்விசை போயிற்று. தீவு முழுதும் அது மீள ஏறத்தாழ 11 திங்கள்கள் ஆயின. மருந்தைக் குளிரில் வைக்கவியலாதோரும், மூச்சுக்கருவியின் துணையால் வாழ்ந்தோரும், மருத்துவமனைக்குச் செல்லும் பாதை அறுந்தோரும் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். பழைய தொர்மெந்தேரா ஓர் இரவுக்குப் போதியது. இவர்கட்கு வேண்டியிருந்ததோ பல திங்கள்களுக்கான காப்பு. அரசு முதலில் அறிவித்த இறப்பு 64. பல்கலைக்கழக ஆய்வொன்றின்படி 2018 ஆகஸ்டில் அதே அரசு ஏற்றுக்கொண்ட தொகை 2,975. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாளில், 2018 ஜூன் 1 அன்று, அடுத்த புயற்பருவத்தின் முதல் நாளில், மக்கள் சான் ஹுவான் நகரத்துச் சட்டமன்றத்தின் முன் கூடி, எண்ணப்படாது போன தம் உறவினரின் காலணிகளை வரிசை வரிசையாக வைத்துச் சென்றனர்.